அறைக்குள் இன்னோர் அறை: சாம்பிள் டிரம்ஸில் கம்ப்ரஷன், ரிவெர்ப் குறித்த வாதங்கள்

மென்பொருளில் வாசிக்கப்படும் டிரம்ஸுக்குக் கம்ப்ரஷனும் ரிவெர்ப்பும் சேர்க்க வேண்டுமா, சேர்த்தால் எந்த அளவுக்கு? நிஜ டிரம்ஸின் ஒலியைச் சில்லுக்குள் அடைத்த முதல் கருவி 1980இல் வந்தது முதலே இந்தக் கேள்வி இருந்துவருகிறது. விடைகள் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. இன்றைய டிரம்ஸ் மென்பொருள்களில் உள்ள அடிகள் பெரும்பாலும் தேர்ந்த கலைஞர் ஒருவர் நல்ல ஸ்டூடியோவில் அடித்து, பல மைக்குகளில் ஒரே நேரத்தில் பதிவானவை. அறையின் முழக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது; சில தொகுப்புகளில் கம்ப்ரஷனும் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அப்படியிருக்க, மறுபடியும் எதற்கு என்று கேட்கிறது ஒரு தரப்பு. வாத்தியம் எங்கிருந்து வந்தாலும் பாட்டுக்குள் அதை உட்காரவைப்பது மிக்ஸிங் மேசையின் வேலை என்கிறது இன்னொரு தரப்பு. டிரம்ஸ் டிரம்ஸ் மாதிரிதான் கேட்க வேண்டுமா என்ன என்று கேட்கும் மூன்றாவது தரப்பும் உண்டு.

கருவிகள் செய்வது இதுதான். ஒலி ஓர் எல்லையைத் தாண்டும்போது தாண்டிய பகுதியைக் கம்ப்ரஸர் அமுக்குகிறது. ரேஷியோ 4:1 என்று வைத்தால், எல்லைக்கு மேல் 4 டெசிபெல் எகிறும் ஒலி 1 டெசிபெல் மட்டுமே எகிறியதாக வெளிவரும். அமுக்கும் வேலை எவ்வளவு விரைவாகத் தொடங்கவேண்டும் என்பது அட்டாக். பிடியை எப்போது விடவேண்டும் என்பது ரிலீஸ். ரிவெர்ப், ஒலி ஓர் இடத்தின் சுவர்களில் பட்டுத் திரும்பிச் சிதறித் தேய்வதை உண்டாக்குவது அல்லது போலச்செய்வது.

இரண்டு கருவிகளுக்கும் தொடக்கத்திலிருந்தே இரண்டிரண்டு வேலைகள் இருந்தன. சாம்பிள் வந்தபிறகு ஒவ்வொன்றிலும் ஒரு வேலை ஏறத்தாழ இல்லாமல் போய்விட்டது. போன வேலைக்காகச் சொல்லப்பட்ட அறிவுரைகளை மிச்சமிருக்கும் வேலைக்கும் அப்படியே ஓதுவதிலிருந்துதான் இந்த விவாதத்தின் குழப்பத்தில் பெரும்பகுதி பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

நினைவகம் கொடுத்த முதல் விடை

அமெரிக்கரான ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1, டிரம்ஸ் ஒலிகளை 8 பிட் அளவில், நொடிக்குச் சுமார் 28,000 மாதிரிகளாகச் சேமித்தது. விலை ஏறக்குறைய 5,000 டாலர். நினைவகச் சில்லுகள் அன்று அவ்வளவு விலையுயர்ந்தவை என்பதால் நீண்டு ஒலிக்கும் எதற்கும் அதில் இடமில்லை. கிராஷ், ரைட் சிம்பல்கள் எல்எம்-1இல் கிடையாது. 1982இல் வந்த லின்டிரம்மில்தான் அவை சேர்ந்தன. கிக்கும் ஸ்நேரும் வறண்டு, குறுகி, வால் நறுக்கப்பட்டு இருந்தன.

ஆகவே ரிவெர்ப் வேண்டுமா என்ற கேள்வியே அன்று பெரிதாக எழவில்லை. அது இல்லாமல் அந்த ஒலிகளைக் கேட்பதே கடினம். ஒவ்வொரு டிரம்மும் தனித்தனி அவுட்புட்டில் வெளிவரும்படி கருவி அமைந்திருந்தது. வெளியே ஸ்டூடியோக்களில் ஈஎம்டி நிறுவனத்தின் பிளேட்டுகள் காத்திருந்தன. 1957இல் அறிமுகமான ஈஎம்டி 140, பெட்டிக்குள் தொங்கவிடப்பட்ட எஃகுத் தகட்டை அதிரவைத்து முழக்கம் உண்டாக்கும் கருவி. எடை கால் டன்னுக்கும் மேல். 1976இல் ஈஎம்டி 250, 1978இல் லெக்ஸிகான் 224 என டிஜிட்டல் ரிவெர்ப்களும் வந்துவிட்டிருந்தன. பிரின்ஸ் எல்எம்-1இன் ஒலிகளைக் கிட்டார் பெடல்கள் வழியே அனுப்பி உருமாற்றினார்.

1987இல் வந்த ஈ-மூ எஸ்பி-1200க்கு 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே 10 விநாடி நினைவகம். ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் இசைத்தட்டை 45 சுழற்சியில் வேகமாக ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் வேகத்தை இறக்கி இடத்தை மிச்சம் பிடித்தார்கள். அந்தக் கரகரப்பே பின்னால் ஓர் அழகியலாகியது.

திருப்பம் 1998இல் வந்தது. நெமிசிஸ் நிறுவனத்தின் கிகாசாம்ப்ளர், சாம்பிள்களை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஓடவிட்டது. சிம்பல் முழுவதுமாகத் தேயும்வரை பதிவை வைத்துக்கொள்ளலாம். கிட்ட வைத்த மைக், தலைக்கு மேலிருக்கும் ஓவர்ஹெட் மைக், தள்ளி நிற்கும் ரூம் மைக் என ஒவ்வொன்றையும் தனியாகத் தரலாம். எஃப்எக்ஸ்பான்ஷனின் பிஎஃப்டி, டூன்ட்ராக்கின் டிரம்கிட் ஃப்ரம் ஹெல், பிறகு ஈஸி டிரம்மர் என்று வரிசையாக வந்தன. 2017இல் வெளிவந்த சுப்பீரியர் டிரம்மர் 3இன் ஒலிகளை பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டூடியோவில் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவுசெய்தார். அளவு 200 ஜிகாபைட்டைத் தாண்டுகிறது. பத்து விநாடியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தபோது கேள்வி தலைகீழாகிவிட்டது. முன்பு அறை இல்லாத குறை. இப்போது அறை ஏற்கெனவே இருக்கிறது.

தொடாமல் விடு என்பவர்கள்

முதல் நிலைப்பாட்டின் வேர், சாம்பிளுக்கு வெளியே, நேரடிப் பதிவு மரபில் இருக்கிறது. அறையையும் மைக் வைக்கும் இடத்தையும் சரியாகத் தேர்ந்தால் பின்னால் செய்ய வேண்டியது கொஞ்சமே என்பது அந்த மரபு. ஸ்டீவ் ஆல்பினி அதன் பெயர்பெற்ற பிரதிநிதி. நிர்வானாவின் 'இன் யூட்டெரோ' தொகுப்புக்காக 1993இல் மினசோட்டாவில் அவர் பதிவுசெய்த டிரம்ஸ் அதற்கு அடிக்கடி சுட்டப்படும் சான்று. டிரம்ஸ் மென்பொருளின் சாம்பிள்களும் அதே அக்கறையோடுதானே பதிவாகியிருக்கின்றன, அவற்றைக் கெடுப்பானேன் என்று வாதம் நீள்கிறது.

நியாயம் உண்டு, ஆனால் ஓட்டையும் உண்டு. ஆல்பினி வகைப் பதிவில் அறை அந்தப் பாட்டுக்காக, அந்த வாசிப்பாளருக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சாம்பிள் தொகுப்பைப் பதிந்தவருக்கு உங்கள் பாட்டு தெரியாது. அது நிமிடத்துக்கு 70 தாளமா 170 தாளமா, கிட்டார் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதெல்லாம் தெரிய வழியில்லை. ‘மிக்ஸுக்குத் தயார்’ என்று விற்கப்படும் தொகுப்புகளில் சிக்கல் இன்னும் கூடுதல். வாங்கும் ஆள் தனியாகக் கேட்டதும் மயங்கவேண்டும் என்பதற்காகவே அவற்றின் கிக்கில் அடித்தளமும் ஸ்நேரில் பளபளப்பும் ஏற்றப்பட்டிருக்கும். பாஸ் கிட்டாரும் குரலும் வந்து சேர்ந்ததும் அந்த ஏற்றமே இடைஞ்சலாகிறது.

இன்னொன்று: ‘தொடாத’ சாம்பிள் என்று ஒன்று இருக்கிறதா? மைக், ப்ரீஆம்ப், சில நேரம் டேப் எனப் பல கருவிகளைக் கடந்துதான் அது கணினிக்குள் வருகிறது. தூய்மையைக் காப்பாற்றச் சொல்பவர்கள், எந்த இடத்திலிருந்து தூய்மையைக் கணக்கிடுகிறார்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

கம்ப்ரஸர்: அடக்குவதா, செதுக்குவதா

லிமிட்டரும் கம்ப்ரஸரும் ஒலிபரப்பின் பிள்ளைகள். 1930களில் வானொலி நிலையங்களில் திடீர் எகிறல்கள் ட்ரான்ஸ்மிட்டரைப் பாதிக்காமல் அடக்குவது அவற்றின் வேலை. ஸ்டூடியோவில் அது வாசிப்பின் ஏற்றத்தாழ்வை நிரவும் கருவியாக மாறியது. ஒரு ஸ்நேர் அடி பலமாகவும் அடுத்தது தளர்ந்தும் விழுந்தால், இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

இரண்டாவது வேலையும் பெரிய இடைவெளியின்றி வந்துவிட்டது. 1966இல் பீட்டில்ஸின் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பதிவில் ஜெஃப் எமெரிக், ரிங்கோ ஸ்டாரின் கிக்குக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை நெருக்கமாக வைத்து, ஃபேர்சைல்ட் 660 லிமிட்டரில் அழுத்தமாக அமுக்கினார். அங்கே நிரவல் நோக்கமில்லை. டிரம்ஸின் வடிவத்தையே வேறாக்குவதுதான் நோக்கம். அடுத்த ஆண்டு பில் பட்னமின் 1176 வந்தது. அதன் அட்டாக் 20 மைக்ரோவிநாடியிலிருந்து 800 மைக்ரோவிநாடிவரை. அதாவது மிக மெதுவான நிலையில்கூட ஒரு மில்லிவிநாடிக்குள் பாய்ந்துவிடும்.

சாம்பிள் டிரம்ஸில் முதல் வேலை எங்கே போகிறது? அடியின் வலு 1 முதல் 127 வரையிலான வெலாசிட்டி எண்ணாகத் திரையில் நிற்கிறது. பலமான அடியைக் குறைக்கவேண்டுமானால் 118ஐ 104 ஆக்கினால் போதும், கம்ப்ரஸர் எதற்கு? இதுவே இன்று பரவலாகச் சொல்லப்படும் வாதம். பெரும்பாலும் சரியும்கூட.

ஆனால் முழுக்கச் சரியில்லை. நல்ல தொகுப்பில் மெல்லிய அடி என்பது பலமான அடியின் சத்தம் குறைந்த நகல் அன்று. தனியாக மெல்ல அடித்துப் பதிந்தது. அதில் மேல்தொனிகள் குறைவு, தோலின் இழுவிசை வேறு, ஸ்நேரின் கம்பிகள் வேறுவிதமாகப் பேசுகின்றன. வெலாசிட்டியை உயர்த்தினால் சத்தமும் உயரும், குணமும் மாறும். கம்ப்ரஸர் மெல்லிய அடியின் குணத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதைக் காதருகே கொண்டுவருகிறது. கிசுகிசுப்பாக விழும் இடையடிகள் கிசுகிசுப்பாகவே தெளிவாகக் கேட்கும் பல பழைய ஃபங்க் பதிவுகளின் ரகசியம் ஓரளவு இதில் இருக்கிறது. எண்ணைத் திருத்துவது வாசிப்பாளரைத் திருத்துவது. கம்ப்ரஸரைத் திருப்புவது கேட்பவரின் தூரத்தைத் திருத்துவது. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

செதுக்கும் வேலையிலும் சாம்பிள் ஒரு புதிய நிலைமையைக் கொண்டுவந்திருக்கிறது; இது போதிய அளவு பேசப்படவில்லை. மனிதர் வாசிக்கும்போது ஒவ்வோர் அடியும் கம்ப்ரஸரைச் சற்று வேறு ஆழத்தில் தட்டுகிறது, ரிலீஸ் முடிவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது, கருவி மூச்சுவிடுகிறது. திரையில் எல்லா அடியும் 110 என்று எழுதிவிட்டால் கம்ப்ரஸர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறங்கி ஒரே நேரத்தில் ஏறுகிறது. அது இயங்கும் கருவியாக இல்லாமல் நிலையான ஓர் அச்சாகிவிடுகிறது. அப்படியானால் எஸ்பிஎல் நிறுவனத்தின் ட்ரான்சியன்ட் டிசைனர் போன்ற, ஒலியின் அளவைப் பார்க்காமல் தொடக்கத்தையும் வாலையும் மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி அதே பயனைக் குறைந்த தொல்லையோடு தரும். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப விழும்போது வரும் இயந்திரத் துப்பாக்கி ஒலியைத் தவிர்க்க மென்பொருள்கள் ஒரே வலுவிலான பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகின்றன. கனத்த கம்ப்ரஷன் அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகளைத்தான் முதலில் தின்கிறது.

மைக்குகளுக்கிடையே கசியும் ஒலியும் கணக்கை மாற்றுகிறது. நிஜப் பதிவில் ஸ்நேர் மைக்கை 10 டெசிபெல் அமுக்கினால், அடிகளுக்கு நடுவே பக்கத்து ஹைஹாட்டும் சேர்ந்து மேலெழும். பொறியாளர்களின் நெடுநாள் தலைவலி. சாம்பிளில் கசிவை அணைத்துவிடலாம். ஹைஹாட் அசையாது. தலைவலி போயிற்று என்று மகிழ்வோர் உண்டு. ராக் பதிவுகளில் நாம் ‘உயிர்’ என்று கேட்பதில் பாதி அந்தக் கசிவின் ஏற்ற இறக்கம்தான் என்று வருந்துவோரும் உண்டு. கசிவைத் தனி ஃபேடராகவே தரும் மென்பொருள்கள் இருப்பதே இரண்டாவது தரப்பின் வலுவைக் காட்டுகிறது.

கைமுறைக் குறிப்பாகச் சொல்லப்படும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிக்குக்கு 4:1, அட்டாக் 20 முதல் 30 மில்லிவிநாடி என்பது எங்கும் கிடைக்கும் அறிவுரை. கிக்கின் ‘டக்’ முதல் பத்து மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடுவதால், அதைத் தப்பவிட்டு உடலை மட்டும் அமுக்குவது இதன் தர்க்கம். சாம்பிளை உருவாக்கியவரே அதைச் செய்திருந்தால், மறுமுறை செய்யும்போது ‘டக்’ மட்டுமே மிஞ்சும்.

யாருடைய அறை?

1947இல் சிகாகோவில் பில் பட்னம், ஹார்மோனிகேட்ஸ் குழுவின் ‘பெக் ஓ மை ஹார்ட்’ பாடலுக்கு ஸ்டூடியோவின் குளியலறையை எதிரொலிக் கூடமாக்கினார். அதன்பின் எதிரொலிக் கூடங்கள், பிளேட்டுகள் வழியாகப் பயணம் போயிற்று. 1960களின் தொடக்கத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் கணினியில் செயற்கை முழக்கத்துக்கான கணித வழியை வகுத்தார். 1999இல் சோனியின் டிஆர்இ-எஸ்777, உண்மையான கூடத்தின் துடிப்பைப் பதிந்து எந்த ஒலியையும் அதற்குள் வைக்கும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இத்தனை காலமும் ரிவெர்ப் செய்துவந்த வேலைகளில் ஒன்று, இடமே இல்லாத ஒலிக்கு இடம் தருவது. பல மைக் கொண்ட சாம்பிள் தொகுப்பில் அது அநேகமாகத் தேவையில்லை. மற்றது, வெவ்வேறு இடங்களில் பிறந்த ஒலிகளை ஒரே இடத்தில் இருப்பதாக நம்பவைப்பது. வீட்டு அறையில் பதிந்த குரல், கேபிள் வழி வந்த கிட்டார், பெல்ஜியத்தில் அடித்த ஸ்நேர் என்று ஒரு பாட்டு அமையும் காலத்தில் இந்த இரண்டாவது வேலை பெருகித்தான் இருக்கிறது.

அறைமேல் அறை ஏற்றக்கூடாது என்பவர்கள் இங்கே எதிர்ப்பு சொல்கிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் ரூம் மைக்கை ஸ்நேர் ஏறத்தாழ 15 மில்லிவிநாடி தாமதமாகச் சேர்கிறது. அந்தத் தாமதமும் முதல் பிரதிபலிப்புகளும் ஓர் இடத்தின் அளவைச் சொல்கின்றன. அதன் மேல் வேறோர் அளவிலான கூடத்தைச் சேர்த்தால் காது எதை நம்பும்?

கேட்பதற்குக் கறாரான வாதம். ஆனால் எந்தப் பதிவையும் நாம் கேட்பது ஒரு வீட்டு ஹாலில், காரில், கடைவீதியில். அதாவது அறைமேல் அறை என்பது இசை கேட்பதன் இயல்பான நிலை. 1949இல் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வில் காட்டியபடி, சுமார் 30 மில்லிவிநாடிக்குள் வரும் திரும்பொலியைக் காது தனி ஒலியாகப் பிரிக்காமல் முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. முரண்பட்ட இரண்டு அறைகளைக் காது கண்டுபிடித்துக் குற்றம் சாட்டும் என்பதைவிட, இரண்டையும் கலந்து மங்கலான ஒரே அறையாகக் கேட்டுவிடும் என்பதே கூடுதல் சாத்தியம். சிக்கல் பொய்யில் இல்லை, மங்கலில்தான். கீழ்த்தொனிகள் இரட்டிப்பாகக் குவிகின்றன. ரிவெர்ப்புக்குள் போகுமுன் கீழ்ப்பகுதியை வடிகட்டுவதும் கிக்கை அதற்கு அனுப்பாமல் இருப்பதும் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த இடத்தில் இரண்டு கருவிகளும் ஒன்றாகிவிடுகின்றன. ரூம் மைக் தடத்தைக் கம்ப்ரஸ் செய்வது என்பது வேறொரு பெயரில் ரிவெர்ப் சேர்ப்பதுதான். 0.6 விநாடியில் 60 டெசிபெல் தேயும் அறையில், முழக்கம் நொடிக்கு 100 டெசிபெல் வேகத்தில் இறங்குகிறது. உச்சத்தை 10 டெசிபெல் அமுக்கி, மொத்தத்தை 10 டெசிபெல் ஏற்றினால், வால் 0.1 விநாடி நீண்டது போலக் கேட்கும். நிமிடத்துக்கு 120 தாளம் ஓடும் பாட்டில் கால் தாளத்தின் அளவு 0.125 விநாடி, நீட்சி ஏறத்தாழ அடுத்த கால் தாளத்தை எட்டிவிடுகிறது. 1971இல் வெளிவந்த லெட் ஜெப்லினின் ‘வென் தி லெவி ப்ரேக்ஸ்’ பாடலில் ஜான் போனமின் டிரம்ஸ், ஹெட்லி கிரேஞ்ச் வீட்டு மாடிப்படிக் கூடத்தின் மேலே தொங்கிய இரண்டு மைக்குகளில் பதிவாகி, பலமாக அமுக்கப்பட்டது. அந்தப் பிரம்மாண்டத்தில் மாடிப்படிக்கு எவ்வளவு பங்கு, கம்ப்ரஸருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கமுடியாது.

ஆகவே ‘ரிவெர்ப் வேண்டாம், ரூம் மைக்கை மட்டும் அமுக்கினால் போதும்’ என்று சொல்பவர்கள் ரிவெர்ப்பை மறுத்துவிடவில்லை. எந்த ரிவெர்ப் என்பதைத்தான் தேர்ந்திருக்கிறார்கள். ஸ்நேருக்குத் தனியாக ஒன்று முதல் இரண்டு விநாடிவரை பிளேட் சேர்க்கும் பழக்கமும் நிலைத்திருக்கிறது. இயற்கை அறை எதுவும் ஸ்நேரை மட்டும் தனியாக எதிரொலிப்பதில்லை என்பது யாரையும் உறுத்துவதில்லை. அறுபது ஆண்டுப் பதிவுகள் காதைப் பழக்கிவிட்டன.

ஒட்டவைக்கும் வாதம்

டிரம்ஸ் முழுவதையும் ஒரே தடத்தில் சேர்த்து, 2:1 அல்லது 4:1 என்று இரண்டு மூன்று டெசிபெல் மட்டும் அமுக்குவதை ஒட்டுக் கம்ப்ரஷன் எனலாம். எஸ்எஸ்எல் மேசைகளின் நடுப்பகுதியில் இருந்த ஸ்டீரியோ கம்ப்ரஸர் இதன் தாய்.

சாம்பிள் டிரம்ஸுக்குக் கம்ப்ரஷன் தேவை என்பதற்கான வாதங்களில் மிக வலுவானது இதுவே என்று எண்ணத் தோன்றுகிறது. நிஜ டிரம்ஸில் கிக் அடித்தால் ஸ்நேரின் கம்பிகள் சிணுங்குகின்றன, டாம்கள் முனகுகின்றன. சாம்பிள் தொகுப்பில் கிக்கும் ஸ்நேரும் தனித்தனியாக, வேறு வேறு நேரங்களில் பதிவானவை. ஒன்று மற்றொன்றை அறியாது. பொதுவான கம்ப்ரஸர் வைத்ததும் கிக் விழும் கணத்தில் சிம்பலின் வால் சற்றுத் தாழ்ந்து எழுகிறது. ஒரு டிரம் இன்னொன்றைப் பாதிக்கத் தொடங்குகிறது. இயற்கையில் இருக்கும் சார்பு அல்ல இது, வேறு வகைச் சார்பு. இருந்தும் காது அதைச் சேர்க்கை என்றே எடுத்துக்கொள்கிறது.

இணைக் கம்ப்ரஷன் இதன் நெருங்கிய உறவு: தொடாத ஒலியின் பக்கத்தில் நசுக்கிய நகலை ஓடவிட்டுக் கலப்பது. நியூயார்க் பொறியாளர்களின் பெயரால் அறியப்பட்டாலும், 1960களின் நடுவில் வந்த டால்பி ஏ இரைச்சல் குறைப்பு முறையிலேயே இதன் கரு இருக்கிறது. உச்சங்கள் தப்பி, அடங்கிய விவரங்கள் மேலேறுவதால், வெலாசிட்டி வேறுபாடுகளைக் காப்பாற்ற விரும்புவோருக்கு இது நல்ல சமரசம்.

இரட்டைக் கம்ப்ரஷன் கூடாது என்ற விதிக்கு வரலாறு ஒரு பெரிய எதிர்ச்சான்றை வைத்திருக்கிறது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பதிவில் ஜி. சி. கோல்மன் வாசித்த நான்கு பார் தாளக்கட்டு, சுமார் ஏழு விநாடி. டேப், மேசை, இசைத்தட்டு என எல்லாவற்றிலும் நசுங்கி வந்த அதை ஹிப்ஹாப், ஜங்கிள் கலைஞர்கள் மறுபடி நறுக்கி, மறுபடி நசுக்கினார்கள். அங்கே யாரும் தூய்மை கேட்கவில்லை.

விளைவே வாத்தியம்

மூன்றாவது தரப்புக்குச் சொல்ல ஒரே கதை போதும். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தொகுப்புக்கான பதிவு நடந்தபோது, வாசிப்பாளர் பேசுவதைக் கேட்பதற்காகத் தொங்கிய மைக்குக்கு எஸ்எஸ்எல் மேசையில் இருந்த கடும் கம்ப்ரஸர் வழியே ஃபில் காலின்ஸின் டிரம்ஸ் வந்தது. பொறியாளர் ஹ்யூ பாட்ஜம் அதைப் பதிவுக்குத் திருப்பி, பின்னால், ஒலி ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் மூடிக்கொள்ளும் கேட் வைத்து வாலைச் சட்டென்று அறுத்தார். ‘இன்ட்ரூடர்’ அப்படிப் பிறந்தது. 1981இல் ‘இன் தி ஏர் டுநைட்’ அதை உலகறியச் செய்தது. ஏஎம்எஸ் ஆர்எம்எக்ஸ்16 கருவி அதே ஒலியை ஒரு பொத்தானில் தந்தது.

அந்தப் பதிவில் சிம்பலே கூடாது என்று கேப்ரியல் தடை விதித்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. சிம்பல் இருந்திருந்தால் அந்தக் கம்ப்ரஸர் அதையும் ஊதிப் பெருக்கிக் காதைக் கிழித்திருக்கும். அவர் தடைபோட்டு அடைந்ததை, சாம்பிள் டிரம்ஸ் பயனர் சிம்பல் தடத்தை அனுப்பாமல் விட்டாலே அடைகிறார். மிகைவிளைவுகளுக்குச் சாம்பிள் டிரம்ஸ் நிஜ டிரம்ஸைவிட வசதியானது என்பது மறுக்கமுடியாத ஒன்று. 1991இல் நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பை மிக்ஸ் செய்த ஆண்டி வாலஸ், நிஜ டிரம்ஸோடு சாம்பிள்களையும் இணைத்து, அவற்றை ரிவெர்ப்பைத் தூண்டப் பயன்படுத்தினார். காரணம் இதே வசதிதான். அறையை நம்பாமல் முழக்கத்தைத் தேவைப்பட்ட அடிக்கு மட்டும் கொடுக்கலாம்.

சுருதியுள்ள தோல்

மேலே கண்ட வாதங்கள் எல்லாமே சுருதி திட்டமாக இல்லாத டிரம்ஸை மனத்தில் வைத்தவை. தமிழ்த் திரையிசையிலும் பக்தியிசையிலும் மிருதங்கம், தபேலா சாம்பிள்கள் புழங்கும்போது கணக்கு மாறுகிறது. கரணை இட்ட இந்தியத் தோல்வாத்தியங்களின் மேல்தொனிகள் ஒத்திசைவாக அமைவதை சி. வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஸ்நேரின் வாலைக் கம்ப்ரஸரால் ஏற்றினால் மேலெழுவது பெரும்பாலும் இரைச்சல். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் வாலை ஏற்றினால் மேலெழுவது ஒரு ஸ்வரம். ரிவெர்ப் அதை இன்னும் நீட்டினால், பாட்டின் கார்டு மாறிய பிறகும் அந்த ஸ்வரம் பிடிவாதமாக நிற்கும்.

பாடகரின் சுருதிக்கேற்ப சாம்பிளின் ஓட்ட வேகத்தைக் கூட்டி ஒரு முழு ஸ்வர இடைவெளி ஏற்றினால், அதற்குள் பதிவான அறையும் சேர்ந்து சுமார் 11 விழுக்காடு சுருங்கிவிடும். அறை இல்லாமல் வறண்டு பதிந்த சாம்பிளுக்கு வெளியிலிருந்து ரிவெர்ப் தருவதே இங்கு உசிதம் என்று தோன்றுகிறது. பல மைக் டிரம்ஸ் தொகுப்புக்குச் சொல்வதற்கு நேரெதிர். இடப்பக்கமான தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கியை, ஒற்றை அடிகளாக நறுக்கிய சாம்பிளில் கம்ப்ரஷனாலோ ரிவெர்ப்பாலோ மீட்கமுடியாது. அது வேறு பிரச்சினை.

இன்னும் தீராதவை

இந்த வாதங்களில் பல காது சாட்சியத்தை நம்பி நிற்கின்றன; அந்தச் சாட்சியமோ பலவீனமானது. கம்ப்ரஸர் போட்டு மொத்த அளவையும் ஏற்றியதும் ஒலி சத்தமாகிறது. சத்தமானது நல்லதாகத் தோன்றுகிறது. அளவைச் சமன்செய்து ஒப்பிடாத எந்தப் பாராட்டையும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். உரப்பை அளக்க 2006இல் பிஎஸ்.1770 என்ற சர்வதேச அளவுமுறை வந்தது. இன்று இணைய இசைச் சேவைகள் பாடல்களின் உரப்பைச் சமன்படுத்தி ஒலிபரப்புகின்றன. சத்தத்துக்காக நசுக்குவதன் பயன் இதனால் குறைந்திருக்கிறது. குணத்துக்காக நசுக்குவதன் பயன் அப்படியே இருக்கிறது. இரண்டையும் பிரித்து ஆராயும் வாய்ப்பு இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

இரண்டு அறைகளின் முரண்பாடு பயிற்சியற்ற காதுக்கு எந்த அளவில் தெரியத் தொடங்குகிறது, ஒட்டுக் கம்ப்ரஷன் தரும் சேர்க்கை உணர்வு உண்மையில் கம்ப்ரஷனால் வருகிறதா அல்லது பழைய பதிவுகளின் பழக்கத்தால் வருகிறதா என்பவை திறந்தே நிற்கும் கேள்விகள். இரண்டாவதற்கு விடை பழக்கம் என்றால், வேறு பதிவுகளைக் கேட்டு வளரும் தலைமுறைக்கு விதி வேறாக இருக்கும்.

நடைமுறையில் அவற்றுக்கு முன்பே தீர்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு சாம்பிள் தொகுப்பு எந்த மேசையில், எந்த மைக்கில் பதிவானது என்று பெருமையாக விளம்பரமாகிறது. எந்தத் தடத்தில் எத்தனை டெசிபெல் கம்ப்ரஷன் பதிவோடு ஏறியிருக்கிறது, அறையின் முழக்கம் எத்தனை விநாடி என்ற இரண்டு விவரங்களை அப்படித் தடம்வாரியாகக் காண்பது அரிது. அவை கையில் இருந்தால், மேலே விவரித்த வாதங்களில் பாதி சிறு கணக்காகச் சுருங்கிவிடும்.